பப்பாளிப் பை

திருடன் என்றால் விலை உள்ளதைத் தூக்குவான். அந்த வீட்டுத் திருடன் வாழைப்பழத்தையும் பப்பாளியையும் தூக்கினான். பக்கத்திலேயே அன்னாசி இருந்தது, மாம்பழம் இருந்தது, அவற்றைத் தொடக்கூட இல்லை. இது எனக்கு முதலிலிருந்தே உறுத்தியது. ஊரார் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம், இருந்தும் மூடினேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் என் அடுப்படி. நான் கேக் சுட்டு விற்கிறவள். அந்தப் பக்கம் ஏலக்காரர் வீட்டின் பின்னறை, அதில் அவர்களுடைய பெரிய ஃப்ரீசர். அது ஓடுகிற உறுமல் எனக்கு ராத்திரியும் பகலும் கேட்கும். கரண்ட் போய் அந்தச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

ஏலக்காரர் பழ மண்டியில் ஏலம் கூவுகிறவர். லாரி வந்து சரக்கு இறங்கியதும் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று கூவ ஆரம்பிப்பார். கடைவாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே கூவுவார், ஒரு எழுத்து பிசகாது. அவருக்குக் கிடைக்கிற கூலி முழுக்க அந்த வாய்க்குத்தான். "அவரு கூவினா அழுகின பழம்கூட ஒரு தரம் நிமிர்ந்து உக்காரும்" என்பாள் அக்கா. அக்கா என்றால் அவர் மனைவி. வயதில் என்னைவிடப் பெரியவள், உடம்பிலும்.

ஏலத்தில் போணியாகாமல் நிற்கிற பழம் அடுத்த நாள் வரை தாங்காது. அதை ஏலக்காரர் வீட்டுக்கு அனுப்புவார். அக்கா நறுக்கி உறைய வைத்து ஜூஸ் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் விற்பாள். நறுக்கி ஃப்ரீசரில் போட்டால் முடிந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அப்படிப் போட்டால் பாறாங்கல்தான் கிடைக்கும், சுத்தியல் கொண்டு உடைக்க வேண்டும். அகலத் தட்டில் காகிதம் விரித்து, துண்டுக்குத் துண்டு இடம் விட்டுப் பரப்பி, தனித்தனியாக உறைந்த பிறகுதான் பையில் அள்ள வேண்டும். அக்கா பையின் வாயில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு முடிச்சுப் போடுவாள். அந்தத் துண்டுகளைக் கவிழ்த்தால் கூழாங்கல் போலச் சலசலவென்று விழும்.

உறைந்த மாம்பழத்தை ஐஸ் போடாமல் அப்படியே அடித்தால் கெட்டி ஜூஸ். புள்ளி விழுந்த வாழைப்பழத்தை உறைய வைத்து மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால், பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம், ஐஸ்கிரீம் தயார். பலாச்சுளை உருகினால் துவண்டுபோகும், அது ஜாமுக்குத்தான் லாயக்கு. அன்னாசியை நான் உருகவே விடமாட்டேன். உருகினால் தண்ணீர் விட்டுக் கேக்கைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். கல்லாக இருக்கும்போதே மைதாவில் புரட்டிப் போட்டுவிடுவேன். இப்படி எங்கள் தெருவில் பாதி அடுப்பு அந்த ஃப்ரீசரை நம்பித்தான் எரிந்தது.

ஏலக்காரருக்கு ஒரு தங்கச்சி உண்டு. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கை நீட்டுகிறவன். மாமியார் ஒரு கரண்டி பாலுக்குக்கூடக் கணக்குக் கேட்கிறவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மழைநாளில் பெட்டியும் கையுமாக அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, உங்க வீட்டுச் சோறு சாப்பிடுறேன், அதுக்கு வேலையும் செய்றேன். ஆனா வியாபாரத்துக்குன்னு இருக்கிற பழத்துல ஒரு துண்டுகூட என் வாய்க்குள்ள போகாது. அந்தப் பேச்சு இன்னொரு தரம் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"யாரு உன்னைக் கேக்கப் போறா? சும்மா சாப்பிடு."

"இல்ல அண்ணி. வேணாம்."

சொன்னபடியே இருந்தாள். பலாப்பழம் அறுத்தால் வீடே மணக்கும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாம்பழச் சாறு முழங்கை வரை வழியும், நக்கமாட்டாள், ஈரத்துணியால் துடைப்பாள். கர்வம் பிடித்தவள் என்று நான்கூட நினைத்தேன்.

பழம் குறைய ஆரம்பித்தது கோடையில். அக்கா போடுவது இரட்டை முடிச்சு, முடிச்சின் காதை உள்ளே மடித்து விடுவாள். ஒரு நாள் வாழைப்பழப் பை ஒன்றில் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பை பாதி காலி. அன்றைக்கே என் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். எங்க ஃப்ரீசர்ல எலி இருக்கு."

"ஃப்ரீசர்லயா? விறைச்சுச் செத்துப்போயிடுமே அக்கா."

"ரெண்டு கால் எலி."

"ஒரு வேளை மசக்கைக்காரி யாராவது..."

"மசக்கைன்னா புளிப்பைல்ல தேடும்? அன்னாசி அப்படியே இருக்கு. லேசாப் புளிக்கிற மாம்பழம்கூட அப்படியே இருக்கு. நல்லா இனிப்பா, மெத்து மெத்துன்னு பாத்து எடுத்திருக்கா. நாக்கு ருசி கண்ட ஆளு."

"எடுத்திருக்கான்னு சொல்றீங்களே, யாரு அக்கா?"

"நான் யாரையும் சொல்லலம்மா."

சொல்லாமல் சொல்வதில் அக்காவுக்கு நிகர் அக்காதான்.

வேலையாட்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று பலர் வந்துபோகிற வீடு என்பதால் ஃப்ரீசருக்குப் பூட்டுப் போட்டாள். சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். அதற்குப் பிறகும் பழம் குறைந்தது. வெளியாள் இல்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சும் குறைந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் ஒரு இடத்தோடு நிற்குமா? அக்காவுக்குப் புருஷன்மேலும் விழுந்தது, ஆனால் அது வேறு சந்தேகம். மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வைத்த குழம்பு வைத்தபடி இருக்கிறது. கேட்டால் வெளியே சாப்பிட்டேன் என்கிறார். இதற்கிடையில் ஜூஸ் கடைக்காரர் வந்து, மண்டியில் இப்போதெல்லாம் பாதி நேரம் வேறொருத்தர்தான் கூவுகிறார் என்று ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போனார். அந்தப் பாதி நேரம் இவர் எங்கே போகிறார்? அக்கா தூக்கத்தைத் தொலைத்தாள்.

ஒரு மத்தியானம் நான் அன்னாசி வாங்கப் போனபோது ஏலக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மண்டியிலிருந்து வந்த மனிதர், சட்டையெல்லாம் பழ வாசனை. தட்டில் வெறும் சோறு, பாலை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். தங்கச்சி ஓரமாக உட்கார்ந்து பப்பாளித் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"குழம்பு ஊத்திக்கலையா?" என்றாள் அக்கா.

"காரம்."

"அதே மொளகாத்தூள், அதே கை. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒறைக்காதது இப்ப என்ன ஒறைக்குது?"

"காரம்னா விடேன்."

"எந்த வீட்டுல கை நனைச்சிட்டு வர்றீங்க? அதையாவது சொல்லுங்க. அவ என்ன, மொளகாயே போடாம ஆக்கிப் போடுறாளா?"

அவர் இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றிக்கொண்டார். சோற்றைக் குழைத்து, கன்னத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கினார். நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். அக்கா என்னை விடவில்லை.

"நீ இரு. நீயும் கேட்டுக்கோ. இந்த வீட்டுல வேலியே பயிரை மேயுது. நேத்து ஒரு பப்பாளிப் பை முழுசாக் காணோம். பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு."

தங்கச்சியின் கத்தி நின்றது. "அண்ணி, சுத்தி வளைக்காதீங்க. என்னைத்தான் கேக்குறீங்கன்னா நேராக் கேளுங்க."

"சாவி இருக்கிற இடம் மூணு பேருக்குத் தெரியும். நான் எடுக்கல. உங்க அண்ணன் பழத்தைத் தொட்டு இந்தத் தெருவுல யாராவது பாத்திருக்காங்களா?"

அது உண்மைதான். 'நாள் முழுக்க அதோட மூஞ்சியிலதான் முழிக்கிறேன், வீட்டுலயுமா' என்பார் அவர். என் கேக்கைக் கொடுத்தால்கூட அதிலிருக்கும் அன்னாசியைப் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிட்டுத்தான் தின்பார். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

"விடு. பழந்தானே" என்றார் கடைசியில்.

மண்டியையே எழுப்புகிற குரல் அன்று தட்டைத் தாண்டி வரவில்லை. கூடப் பிறந்தவளுக்காக ஒரு வார்த்தை, 'என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்ல' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அன்னாசிப் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தங்கச்சியே என்னைக் கூப்பிட வந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்காவும் பின்னறையில்தான் நின்றாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"அக்கா, நீங்க சாட்சி" என்றாள் தங்கச்சி என்னைப் பார்த்து. "எடுத்த கையைப் பாத்தா தெரியாது. அதனால எடுத்த வாயைப் பிடிப்போம். பப்பாளியில மொளகாய் போட்டு வைக்கலாம். தின்னவங்க கத்தாம இருக்க முடியாது."

"உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, நீ எப்படித் தொடுவே?" என்றாள் அக்கா. "அந்தப் பை அப்படியே கிடந்தா?"

"கிடந்தா நான்தான் திருடி. பெட்டியைக் கட்டி வச்சிட்டேன் அண்ணி, கட்டிலுக்குக் கீழே இருக்கு. ஒரு வார்த்தை பேசாமக் கிளம்பிடுறேன்."

"எங்க போவே?"

"அது என் பாடு. ஆனா வேற யாராவது மாட்டினா, தெருவுல நின்னு நீங்க சொல்லணும். என் நாத்தனா எடுக்கலன்னு."

"சரி. உங்க அண்ணன் காதுல மட்டும் போட்டுடாதே. அவரு வாய்க்குள்ள போனா மண்டி முழுக்க ஏலம் போயிடும்."

நல்ல சிவந்த பப்பாளியாகப் பார்த்து எடுத்தார்கள். அதில் மிளகாய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வற்றலை ஊறவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தங்கச்சியே அரைத்தாள். துண்டுகளை அதில் புரட்டித் தட்டில் பரப்பும்போது அக்காவே போதும் என்றாள்.

"இன்னும் ஒரு கரண்டி போடலாம் அண்ணி. தின்ன ஆளு ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது."

உறைந்ததும் பையில் அள்ளி, அக்கா தன் இரட்டை முடிச்சைப் போட்டு எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள். ஃப்ரீசரைப் பூட்டிச் சாவியை அரிசிக்குள் போட்டாள்.

மத்தியானங்களில்தான் பழம் போகிறது என்பது அக்காவின் கணிப்பு. அதனால் அந்த நேரத்தில் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து சீத்தாப்பழத்துக்கு விதை எடுத்தோம். ஒருத்தி கண்ணில் இன்னொருத்தி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. சீத்தாப்பழ வேலை பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒவ்வொரு விதையையும் சதையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கி எடுக்க வேண்டும், விரல் வழுக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏலக்காரர் காலை ஏலம் முடிந்து மண்டியிலிருந்து வந்து, சாயங்கால ஏலம் வரை படுத்திருந்தார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அக்கா ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, பை அப்படியே இருக்கிறது என்றாள். தங்கச்சி விதைகளை அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். திருடன் வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் மூட்டம் போட்டிருந்தது. காற்றே இல்லை. ஈக்கள் வந்து சீத்தாப்பழத்தில் மொய்த்தன, நான் விசிறியால் விரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தன் மாமியார் காலத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. அப்போது பின்னறையில் ஃப்ரீசர் மூடியின் ரப்பர் பிரிகிற சத்தம் கேட்டது.

மூவரும் அசையாமல் உட்கார்ந்தோம். தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரலெல்லாம் பழக் கூழ். மூடி திரும்பச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு சத்தம் வந்தது. மிளகாயைக் கடித்தவர்கள் 'ஸ்ஸ்' என்பார்கள், 'ஐயோ' என்பார்கள், தண்ணீருக்கு ஓடுவார்கள். இது அப்படி இல்லை. துணியை வாயில் திணித்துக்கொண்டு அலறினால் வருகிற சத்தம். தங்கச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, பாவம்.

"மாட்டிக்கிச்சு!" என்று துள்ளி எழுந்தாள். கைதட்டினாள். "அண்ணி, மாட்டிக்கிச்சு பாருங்க! நான் இங்க இருக்கேன், பாத்துக்கோங்க, நான் இங்கதான் இருக்கேன்!" சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

ஏலக்காரர் பின்னறைக் குழாயடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் திறந்து கிடந்தது. தலையை அதன் கீழ் கொடுத்திருந்தார், ஆனால் தண்ணீர் வாய்க்குள் போகவில்லை, கன்னத்தில் பட்டு வழிந்தது. எச்சிலோடு ரத்தமும் வழிந்தது. பக்கத்தில் அவர் மண்டிக்கு எடுத்துப்போகும் ஃப்ளாஸ்க் திறந்தபடி கிடந்தது. அதற்குள் பப்பாளித் துண்டுகள்.

அக்கா முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பழமே தொடாத மனுஷன் மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ரத்தத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வாயைத் திறங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"திறங்கன்னு சொல்றேன்ல!"

திறந்தார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குமேல் அந்த வாய் திறக்கவில்லை. நான் என் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். புகையிலை அடக்குகிற பக்கத்தில் உள்கன்னம் முழுக்க வெள்ளையும் சிவப்புமாக வெந்துபோய்க் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். அதன்மேல்தான் எங்கள் மிளகாய் போய் உட்கார்ந்திருந்தது.

"எத்தனை நாளா இது?" அக்காவின் குரல் அவள் குரலாகவே இல்லை.

"எரியாத பழமாப் பாத்து வச்சா..." அவர் நாக்கு புரளாமல் பேசினார். "புளிக்காததா. சில்லுன்னு வச்சா மரத்துப்போகுது. அந்த நேரத்துல கூவிடுவேன். ஃப்ளாஸ்க்ல கொண்டுபோயிடுவேன்."

"டாக்டர்கிட்டப் போகத் தெரியலையா உங்களுக்கு?"

"போனா கூவாதேம்பாங்க. அறுக்கணும்பாங்க. வாய் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

"நான் என்னென்னவோ நெனச்சேனே. எவ வீட்டுலயோன்னு..." அக்கா முந்தானையால் அவர் மோவாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "பாவி மனுஷா, எவளாவது ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா" என்று அழுதாள்.

தங்கச்சி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கைதட்டிய கைகள் இன்னும் நெஞ்சுக்கு நேராக அப்படியே இருந்தன.

"அண்ணா" என்றாள். "என்னைத் திருடின்னு சொன்னப்ப நீ பக்கத்துல உக்காந்து சோறு பிசைஞ்சுக்கிட்டு இருந்தியே."

அவர் நிமிரவில்லை. "உனக்குப் போக்கிடம் ஏது. என்ன சொன்னாலும் நீ இங்கதானே இருக்கப் போறேன்னு..."

மற்றதைச் சொல்லவில்லை. சொன்னதே போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த மனிதரை அறையலாம் போலவும் இருந்தது, பார்க்கப் பொறுக்காமலும் இருந்தது. தங்கச்சியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்குக் கீழே கட்டின பெட்டி இருக்கிறது. திருடி இல்லை என்று ஆகிவிட்டது. தலை நிமிர்ந்து போகலாம்.

"ஆட்டோ கூப்பிடு" என்றாள் அக்கா என்னிடம். "பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்பவே." நான் போன் போட்டேன். ஆட்டோக்காரன் வருகிறேன் என்றான். அதற்குள் ஏலக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தார். அக்கா அவர் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

தங்கச்சி நகர்ந்தாள். வாசல் பக்கம் இல்லை, ஃப்ரீசர் பக்கம். மேலே கிடந்த பப்பாளிப் பையை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் வீசினாள். அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு வாழைப்பழப் பையை எடுத்தாள். அக்காவின் இரட்டை முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தா. வாழைப்பழம். வாயில வச்சுக்கோ, எரிச்சல் அடங்கும்."

அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் துண்டைப் பார்த்தார். வலியில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"இதுல ஒண்ணும் போடலண்ணா."

அவர் வாய் திறக்கவில்லை.

வாசலில் ஆட்டோவின் ஹாரன் கேட்டது. தங்கச்சி அந்தத் துண்டைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், பாதியைக் கடித்தாள். கல்லாக இருந்ததைக் கடகடவென்று அவர் பார்க்க மென்று விழுங்கினாள். மீதிப் பாதியை அவர் உதட்டருகே நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஃப்ரீசர் பழத்தில் அவள் வாயில் போட்ட முதல் துண்டு அதுதான்.